இருபத்தோராவது வளைவு

அஸ்தம்பட்டி கோர்ட்டுக்கு எதிரே என் கடை.
ஜெராக்ஸ், டைப்பிங். ஸ்டாம்ப் பேப்பர் கிடையாது.
நாற்பத்திரண்டு பக்கக் கட்டை நீட்டி
"மூணு செட்டும்மா" என்றார் வக்கீல் தினகரசாமி.

கண்ணாடிமேல் கவிழ்க்கும்போது
ஓரிரு வரி கண்ணில் ஒட்டிக்கொள்ளும்.
தொழில் அப்படி.

வாதி சுகவனம், ஏற்காட்டுக்கு வழிகாட்டி எழுதியவர்.
பிரதிவாதி மரியநாதன், அவரும் அதையே எழுதியவர்.

ஏரியின் ஆழம் யாருக்கும் சொந்தமில்லையாம்.
சேர்வராயன் கோயில் குகை,
பேரிக்காய் பழுக்கும் மாதம்,
கீழே இறங்கும் கடைசி பஸ்,
உள்ளதை உள்ளபடி சொன்னவனுக்கு
உரிமை எதுவும் வராதாம்.
வெயிலில் அலைந்து சேகரித்தேன் என்கிறார் சுகவனம்.
அலைச்சல் சரி, உன் சரக்கு எங்கே என்கிறது எதிர்த்தரப்பு.

பத்தி பதினேழு:
மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் இருபது.
வாதியின் நூலில் இருபத்தொன்று.
பிரதிவாதியின் நூலிலும் இருபத்தொன்று.
'உண்மை பொது. இந்தப் பிழையோ
வாதியின் மூளையில் மட்டுமே பிறந்தது.'
மஞ்சள் மையில் கோடு.
நகலில் அது சாம்பலாக விழுந்தது.

மூளையாம்.

அவர் கையெழுத்தில் இருபது என்றுதான் இருந்தது.
டைப் அடித்தவள் நான்.
அதற்கு முந்தின ஞாயிறு
எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு
குமட்டல் மறக்க வளைவு எண்ணியபடி ஏறினேன்.
பலகையை யார் பார்த்தது, கண் மூடியிருந்தது.
பாதி மலையில்
சில்வர் ஓக் ஏற்றிய லாரி எதிரே வர
விசில், பின்னால் பின்னால், போதும் போதும்,
அதே வளைவில் பஸ் மறுபடி திரும்பியது.
என் வயிறு சாட்சி: இருபத்தொன்று.

அவர் எண்ணை அழித்து என் எண்ணைப் போட்டேன்.
புரூஃப் பார்த்தவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

ஆக, அந்தப் புத்தகத்தில்
திருடுவதற்கென்று இருந்த ஒரே பொருள்
என்னுடையது.

சொல்லலாமா என்று வாய் வரை வந்தது.
சொன்னால் கூண்டு, வாய்தா,
அத்தனை நாளும் கடைக்குப் பூட்டு.
மெஷின் சூடாகி மூச்சு விட்டது.

பக்கம் ஒன்றரை ரூபாய்.
நூற்று எண்பத்தொன்பது வர வேண்டும்.
பத்தி பதினேழு இருந்த பக்கத்துக்குக்
காசு சேர்க்கவில்லை.
நூற்று எண்பத்து நாலரை என்றேன்.

விரலில் எச்சில் தொட்டு
ஒவ்வொரு தாளாகத் தள்ளிப் பார்த்தார்.
"எண்ணவே தெரியலையேம்மா உனக்கு" என்று
முழுக் காசையும் வைத்துவிட்டுப் போனார்.