இரண்டேகால் கூட்ஸ்

மூன்று சுவருக்கு அந்தப்பக்கம்
குனிந்து காயத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன்.
குண்டு நேரே நெற்றிக்கு வந்தது.

செத்தவர்களுக்கு ஒரு சலுகை உண்டு,
கொன்றவன் கண்ணால் திரும்பப் பார்க்கலாம்.
பார்த்தேன்.
செங்கல்லுக்குப் பின்னால் நடக்கும் என்னோடு
அவன் துப்பாக்கிமுனை
கூடவே நடந்து வந்திருக்கிறது,
நான் நின்றால் நின்று,
நான் திரும்பினால் திரும்பி.

ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில்
எக்ஸ்ரே எடுக்கிறவள் நான்.
மனுசருக்குள்ளே பார்ப்பதற்குத்தான் எனக்கும் சம்பளம்.
ஆனால் சொல்லிவிட்டுப் பார்ப்பேன்:
மூச்சப் பிடிங்க, ஆடாதீங்க,
ம், விட்டுக்கிடுங்க.

அவன் பெயர் மூணாங்கண்ணு 77.
நாலு பேரும் புகார் அனுப்பினோம்.
நடவடிக்கை எடுத்தாயிற்று, நன்றி என்று
மஞ்சள் கட்டத்தில் ஒரு கடிதம் வந்தது.
அன்றைக்கு ராத்திரியே வந்தான்
மூணாங்கண்ணு 78.
ஆவணி முடிவதற்குள் 83 ஆகிவிட்டான்.

வள்ளியூர் மாசானம் கத்துவான்:
“ஏல, வெக்கமா இல்லியால ஒனக்கு?
கண்ணக் கட்டிக்கிட்டு அடிச்சிப் பாருல!”
தோஹாவிலிருந்து பீர்முகம்மது
நல்ல வார்த்தை சொல்லிப் பார்ப்பார்.
நாமளும் அதே சரக்க வாங்குனா என்ன
என்று ஒருநாள் கேட்டது தவசிக்கனி.
நானூற்றைம்பது ரூபாய்தானாம்,
விலை விசாரித்து வைத்திருந்தான்.
கொஞ்ச நேரம் யாரும் பதில் சொல்லவில்லை.
அந்தக் கொஞ்ச நேரத்தில் நானும் இருந்தேன்.

நான் மைக் திறப்பதில்லை. எழுத்து மட்டும்.
பெண்குரல் கேட்டால்
என்னென்ன கேட்பார்கள் என்று
முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது.
ரெண்டு வருசமாக மாசானத்துக்கு நான்
‘அண்ணாச்சி’.
இருந்துவிட்டுப் போகட்டும்.

புரட்டாசியில் ஒரு ராத்திரி
என் ஆட்கள் மூன்று பேரும் விழுந்தாகிவிட்டது.
மிச்சம் நான். எதிரே அவன்.
ஓடி என்ன செய்ய,
எந்தச் சுவர் என்னை மறைக்கும்?
துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு
வெட்டவெளியில்
ஒரு காலி டிரம்முக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

வந்தான். சுடவில்லை.
என்னை ரெண்டு சுற்று சுற்றினான்.
எல்லோருக்கும் கேட்கிற மைக்கைத் திறந்து
“ஏன் ஒளிய மாட்டேங்கிய?” என்றான்.

சின்னப்பிள்ளைக் குரலும் இல்லை, ஆள்குரலும் இல்லை,
இப்போதுதான் உடைகிற குரல்.
அதற்குப் பின்னால்
இரண்டேகால் கூட்ஸ் ஊதியது.
குலவணிகர்புரம் கேட்டுக்கு முன்னால்
நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று.
அம்மா கூப்பிட்டால் கேட்க வேண்டுமென்று
ஒரு காதில்தான் மாட்டியிருப்பேன்.
மாட்டாத காதில், ஜன்னல் வழியாக, முதலில் ஊதியது.
மாட்டிய காதில் அரை நொடி கழித்து.

ரெண்டு ரயிலுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் எதற்குச் செய்தேனோ,
மைக்கைத் திறந்தேன்.
பேசவில்லை.
கடைசிப் பெட்டிகள் கேட்டைத் தாண்டுகிற சத்தம் மட்டும்
என் பக்கமிருந்து அவனுக்குப் போனது.

அவன் ஆள் அசையாமல் நின்றான்.
இரைந்துகொண்டிருந்த மூச்சும் நின்றது.
இப்போது அவனுக்கும் தெரியும்
எத்தனை சுவர் என்று.

“மூச்ச விடுல” என்றேன்.

திரை அணைகிற மாதிரி காணாமல் போனான்.
வெற்றி, வெற்றி என்று தங்கக் காகிதம் கொட்டியது.
அதற்குள்ளிருந்து மெதுவாக மாசானம்:
“அண்ணாச்சி…?”

காலையில் கேட் சாத்தியிருந்தது.
வண்டிகளுக்கு நடுவில் வண்டியை அணைத்துவிட்டு
பள்ளிக்கூடப் பையோடு நிற்கிற ஒவ்வொருவனின்
கட்டைவிரலையும் பார்த்தேன்.
ஒருவன் நகத்தைக் கடித்தான்.
ஒருவன் என்னைப் பார்த்துவிட்டுத் தண்டவாளத்தைப் பார்த்தான்.
நேற்றுவரை இவர்கள் வெறும் பிள்ளைகள்.
சொல்லாமல் உள்ளே பார்க்கிறேனே என்று
கண்ணை எடுத்துக்கொண்டேன்.
கொஞ்ச தூரம்தான் எடுக்க முடிந்தது.

84 இன்னும் வரவில்லை.
மாசானத்துக்கு என்னை
எப்படிக் கூப்பிடுவதென்று தெரியவில்லை.
“ஏங்க,” என்கிறான்,
“ஏங்க, வலதுபக்கம் ஆளு.”