காலி ஒன்று

வெள்ளகோவிலில் மோட்டார் காயில் கட்டுவது என் பிழைப்பு.
பிடித்துக்கொண்ட பேரிங் எத்தனையோ கழற்றியிருக்கிறேன்.
ஊதுவிளக்கைக் காட்டினால் இரும்பு வாய் திறந்துவிடும்.
இதற்குத் தீக் காட்ட முடியாது.
உள்ளே என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியவில்லை.

தேர்தல். லைசென்ஸ் துப்பாக்கியெல்லாம்
டேசனில் ஒப்படைக்கச் சொல்லிக் கடிதம்.
நங்கையா அதைத் தூக்குப்போசிப் பையில் கொண்டுவந்தாள்,
மேலே நாலு முருங்கைக்காய்.
"உங்கண்ணன் போனதுக்கப்பறம் பீரோவத் தொறக்கல கண்ணு.
குண்டு இருந்தா எடுத்துட்டுத்தான் குடுக்கோணுமாமா."

முதுகை மடித்துத் திறக்கிற பழைய ரகம்.
கொண்டி நகரவில்லை. உருளை சுற்றவில்லை.
ஆணித் தலையில் ஸ்குரூடிரைவர் வழுக்கியது.
வாயை மணல்மூட்டைப் பக்கம் திருப்பி வைத்து
மண்ணெண்ணெயும் மோட்டார் எண்ணெயும் கலந்து
கோழி இறகால் சொட்டு விட்டேன்.
அவ்வளவுதான் அன்றைக்கு.

வேசகாலம். தகரக் கூரை முனகியது.
மறுநாளும் சொட்டு. அதற்கு மறுநாளும்.
துரு கரைந்து காப்பிக் கறையாகத் தினத்தந்தியில் இறங்கி
ஒரு வேட்பாளரின் கும்பிட்ட கையை நனைத்தது.
நங்கையா தினமும் வந்தாள்.
மகன் வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு
என் கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள்.
பேசவில்லை. அவள் எப்போது பேசினாள்?

நாலாம் நாள் மரச்சுத்தியால்
தேங்காய் தட்டிப் பார்ப்பதுபோலத் தட்டினேன்.
கொண்டி ஒரு மயிரிழை நகர்ந்தது.
இன்னொரு சொட்டு. பீடி பற்றவைக்கிற நேரம்.
இன்னொரு தட்டு.
முதுகு மடிந்தது.
ஆறும் ஒரே சமயத்தில் எழுந்து நின்றன,
வகுப்பில் வாத்தியார் வந்ததுபோல.
ஐந்து பச்சை பூத்த குண்டுகள்.
ஆறாவது, வெறும் கூடு.

"அது நான் சுட்டது" என்றாள்.

"உங்கண்ணன் காங்கேயம் சந்தைக்குப் போன ராத்திரி.
சாளையில ஒருத்தரும் இல்ல.
மேல பாத்து.
எனக்கும் ஒரு சத்தம் வருமான்னு பாத்தேன்."

முப்பத்தொரு வருசம்.
அந்த ஒரு சத்தத்துக்கு
ராஜபாளையத்து நாய் இரண்டு வாங்கினோம்.
வேலிக்கு முள்கம்பி, கட்டுத்தரைக்கு லைட்டு.
திருடன் துப்பாக்கியோடு வந்தான் என்று
ஊரே ரோந்து போனது.
கிணறு வெட்ட வந்த ரங்கனை
முளைக்குச்சியில் கட்டி வைத்துக் கேட்டார்கள்.
எட்டாவது படித்தேன். நின்று பார்த்தேன்.
இடது காது கேட்காமல் போய்விட்டது என்று
பிறகு யாரோ சொன்னார்கள்.

"அண்ணன் இதைத் திறந்தே பாக்கலையா நங்கையா?"

"பாத்தாரு.
மூடுனாரு.
அதோட தொறக்கல."

ரங்கனைக் கட்டுவதற்கு முன்னாலா, பின்னாலா?
கேள்வி தொண்டை வரை வந்து பிடித்துக்கொண்டது.
நான் துணியை எடுத்து உருளையைத் துடைத்தேன்.
இப்போது அது விரல் பட்டாலே சுற்றியது,
ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு க்ளிக்.

டேசனில் ரைட்டர் சின்னப் பையன்.
லைசென்ஸ் புத்தகத்தைப் புரட்டினான்.
செலவானது என்ற கட்டத்தில் அண்ணன் கையெழுத்தில் சுழி.
"குண்டு அஞ்சு. காலி ஒண்ணு. தேதி ஞாபகம் இருக்குதுங்களா?"
"மாரியம்மன் நோம்பி சாட்டுன செவ்வாக்கெழம."
சிரித்துக்கொண்டே எழுதினான்.
"தற்காப்புக்குத்தானுங்களே?"
கேட்கும்போதே பாதி எழுதிவிட்டிருந்தான்.

"இல்லீங்க" என்றாள் நங்கையா,
அந்தக் கட்டிடத்தில் எல்லோரும் திரும்புகிற அளவுக்கு.

பேனா நின்றது.
அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.