பூனைத் தும்மல்

தோள்பட்டையில் ஏழு திருகாணிகள் எனக்கு.
மரம் ஏற்றும் லாரியின் படியில்
பனி ஒருமுறை காலை வாரிவிட்டதற்கு
கயானி மருத்துவமனை கொடுத்த ரசீது.
முழு பலத் தோட்டா ஒவ்வொன்றும் வெடிக்கையில்
அந்த ஏழையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டது.
ரைஃபிளை விற்றுவிடு என்றான் தம்பி உர்ப்போ.
விற்கவில்லை.
அதன் சாப்பாட்டைக் குறைத்தேன்.

குஹ்மோவில் டிசம்பர். மூன்று மணிக்கே இருட்டு.
துணி துவைக்கும் அறையில்,
மெஷினுக்கும் உலர்த்தும் கொடிக்கும் நடுவே
என் மேஜை: கை நெம்புகோல், தராசு, மஞ்சள் விளக்கு,
ஐம்பது குழி துளைத்த பிர்ச் மரக்கட்டை,
ஒவ்வொரு குழியிலும் வாய் திறந்த ஒரு பித்தளைக் குப்பி.
காக்காய்க் குஞ்சுகள் மாதிரி.

எங்கள் பக்கம் இந்தத் தோட்டாவுக்குப்
பூனைத் தும்மல் என்று பெயர்.
வயிறு நிறைய வேண்டாம்,
நாக்கு நனைய மருந்து போதும்.
மேலே அவசரமில்லாத ஈயம்.
ஐம்பது மீட்டர் போனால் சரி.
அதற்கு அப்பால் இருக்கும் எதனோடும்
எனக்குப் பகை இல்லை.

ஆறு மணிக்குத் தோளுக்கு மருந்து.
ஏழு மணிக்குக் குப்பிக்கு மருந்து.
இரண்டிலும் விதி ஒன்றுதான்:
போட்டோமா என்று சந்தேகம் வந்தால்
இன்னொரு தடவை போடாதே.

பத்தொன்பதாவது குப்பியில் போன் அடித்தது.
கம்பெனியிலிருந்து அன்சா.
நாளைக்கு எல்லைச் சாலையில் லோடு,
சங்கிலியை மறந்துவிடாதே,
அப்புறம், அவளுடைய புருஷனின் முட்டி.
முட்டி மட்டுமே பதினோரு நிமிடம்.
திரும்பி வந்து விட்ட இடத்தில் தொடர்ந்தேன்.
விட்ட இடம் என்று நினைத்த இடத்தில்.

ஐம்பதும் முடிந்ததும்
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
ஒவ்வொரு வாயாய் எட்டிப் பார்ப்பது வழக்கம்.
நிறையப் போட்டிருந்தால் பயமில்லை,
இரண்டாம் முறை ஊற்றினால் வழிந்து மேஜையில் சிந்தும்,
கண்ணே காட்டிக்கொடுத்துவிடும்.
கொஞ்சம்தான் ஏமாற்றுக்காரி.
இரண்டு மடங்கான பிறகும்
கொஞ்சமாகவே இருப்பாள்,
அடியில், இருட்டில், ஒன்றும் அறியாதவள் போல.

பதினேழு, பதினெட்டு.
பத்தொன்பது.
அதில் மட்டும் இருட்டு ஒரு நகக்கண் அளவு மேலே.

தராசில் கவிழ்த்தேன்.
முள் இரண்டு பேர் எடையைச் சொன்னது.

என் கன்னம் இருக்கவேண்டிய இடம் அது.
கன்னத்திலிருந்து ஒரு விரற்கடை தூரத்தில்தான் எஃகு.
மெஷின் அந்த நேரம் பார்த்து
உள்ளே யாரையோ அடிப்பது போலச் சுற்ற ஆரம்பித்தது.
உட்கார்ந்து அது நிற்கும்வரை பார்த்தேன்.
பிறகு மீதி நாற்பத்தொன்பதையும் டப்பாவில் கொட்டிவிட்டு,
போனை வாசலில் பனி பூட்ஸுக்குள் போட்டுவிட்டு,
முதலிலிருந்து.
ஒன்று.

சனிக்கிழமை, சரளைக்கல் குழி, மைனஸ் பதினான்கு.
நாய் தெஸ்ஸு ஜீப்புக்கடியில் போர்வையில்.
முதல் தோட்டா உள்ளே போனதும்
என்னால் விசையைத் தொட முடியவில்லை.
பார்த்தேனே, என்றது ஒரு விரல்.
அன்றும் பார்ப்பதாகத்தானே இருந்தாய், என்றது இன்னொன்று.
மூச்சு கண்ணாடியில் படிந்து, உறைந்து,
துடைத்து, மறுபடி படிந்து.

பூனை தும்மியது.

தோளில், வரிசையில் நிற்கும் ஒருவர்
கொஞ்சம் வழிவிடுங்கள் என்று தொட்டது போல.
திருகாணிகள் ஏழும் தூக்கம் கலையவில்லை.
பைன் கிளையிலிருந்து பனிகூட விழவில்லை.
தெஸ்ஸு ஒரு காதைத் தூக்கினாள்,
செலவழிக்க மனமில்லாமல் மறுபடி மடித்துக்கொண்டாள்.
பிறகு நான்கு.
ஒவ்வொன்றுக்கும் முன்னால்
அதே இரண்டு விரல்கள், அதே சண்டை,
கொஞ்சம் கொஞ்சமாகக் குரல் தாழ்ந்து.

சாயந்திரம் காப்பிக்கு வந்த உர்ப்போ
ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்தான்.
நடுவில் ஓட்டை, ஓரம் சற்றுக் கிழிந்து;
ஒரு லிங்கன்பெர்ரிப் பழம் வைத்தால் மூடிவிடும்.
எத்தனை சுட்டாய்?
ஐந்து.
ஒன்றுதானே பட்டிருக்கிறது, என்றான் வருத்தத்துடன்.
தோளைப் பார்த்துத் தலையாட்டினான்.

இன்னொரு சர்க்கரைக் கட்டி வேண்டுமா என்று கேட்டேன்.
ஏற்கெனவே போட்டேனா என்று
அவனுக்கு நினைவில்லை.