பன்னிரண்டு லிட்டர்

நீல அட்டை போட்ட மூன்று பிரதிகளையும்
துறை அலுவலகத்தில் வைத்துக் கையெழுத்திட்டேன்.
மை காய்ந்த முத்திரையை வாயருகே வைத்து
ஊதி ஊதிக் குத்தினாள் எழுத்தர்.
"அவ்வளவுதான் சோலோங்கோ, முடிஞ்சுது."

இரண்டாம் மாடியில் அது முடிந்திருக்கவில்லை.

கண்ணாடித் தொட்டி, பன்னிரண்டு லிட்டர்.
காற்றுக்குழாய் இரண்டு; ஒன்றில் பிளாஸ்திரி.
உள்ளே பழுப்பாய், மிதந்தும் அமிழ்ந்தும்
என் மந்தை.
தலை எண்ண முடியாத மந்தை.
நானூற்றுப் பன்னிரண்டு நாள் வேளை தவறாத தீனி.
அம்மோனியாவைத் தின்று நைட்ரேட்டாகக் கழிக்கும்,
ஆறு டிகிரிக் குளிரிலும்.
ஒரு வரியில் என் ஆய்வு இதுதான்.
நூற்று நாற்பது பக்கத்திலும் இதுதான்,
கொஞ்சம் கூடுதல் குழப்பத்தோடு.

வாய்மொழித் தேர்வில் பேராசிரியர் ஓயுன்கெரெல்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
படம் 4.7ஐப் பென்சிலால் தொட்டார்.
"இருநூற்று முப்பத்து மூன்றாம் நாள்
இந்தக் கோடு ஏன் குப்புற விழுந்து எழுகிறது?"
"மின்தடை. கைமுறைக் காற்றூட்டம் தரப்பட்டது.
பக்கம் எண்பத்தொன்று, அடிக்குறிப்பு."

அடிக்குறிப்பில் இல்லாதது:
டிசம்பர், இரவு இரண்டு மணி, மைனஸ் முப்பத்தொன்று.
காவலாளி போனில் சொன்னார், "உன் தொட்டி ஊமையாயிடுச்சு."
இமைமயிரில் பனி ஒட்ட ஓடினேன்.
கையில் விடுதிச் சமையலறையின் நீளக் கரண்டி.
உப்புப் பால்தேநீரை அள்ளி
உயரத்திலிருந்து ஊற்றி ஆற்றுவோமே, அந்தக் கரண்டி.
அள்ளினேன், ஊற்றினேன். அள்ளினேன், ஊற்றினேன்.
நூறு முறை ஆற்றினால் தேநீர் தேறும்
என்பது எங்கள் வீட்டுக் கணக்கு.
சாக்கடைக்கு எத்தனை முறை
என்று எந்த ஆய்விதழிலும் இல்லை.
ஐந்தரைக்கு விளக்கு வந்தது.
கோடு எழுகிற அந்த இடத்தில்
என் தோள்பட்டை இருக்கிறது.

நன்றியுரையில் பதினேழு பெயர்கள்,
பிரிண்டருக்கு டோனர் கடன் தந்த
பக்கத்து அறைக்காரன் உட்பட.
இவற்றுக்கும் ஒரு வரி எழுதினேன். அழித்தேன். எழுதினேன்.
வழிகாட்டி சிரிப்பாரே என்று அழித்தேன்.

ஆய்வகச் சுவரில் விதிமுறை தெளிவாய் ஒட்டியிருக்கிறது:
பணி முடிந்ததும் பிளீச் ஊற்றிக் கழுவவும்.
தொட்டியைக் கவிழ்த்து வைக்கவும்.
சாவியை ஒப்படைக்கவும்.

பிளீச் பாட்டிலைத் திறந்தேன்.
மூடினேன்.

இரண்டு பால் கேன்கள்.
பேருந்தில் மடியில் ஒன்று, காலிடையில் ஒன்று.
"குதிரைப் பாலா? சீசன் இன்னும் வரலையே,"
என்றாள் பக்கத்து இருக்கைப் பெண்.
"இல்லக்கா, படிப்பு."
மூச்சு முட்டுமே என்று மூடியைச் சற்றே தளர்த்தினேன்.
இரண்டு நிறுத்தங்களுக்குள்
எங்களைச் சுற்றி நிறைய இடம் கிடைத்தது.

கழிவுநீர் நிலைய வாசலில் கோம்போசுரேன்.
போன வருஷம் ஏப்ரலில் ஒரு வாளி விதைச்சேறு தந்துவிட்டு
"திருப்பித் தருவியா?" என்று கேலி செய்தவர்.
"வட்டியோட கொண்டு வந்திருக்கேன்."
குனிந்து மோந்தார்.
"மழை விழுந்த மண்ணு மாதிரி இருக்கு. நல்லா வளத்திருக்க.
இதுங்க ஆறு டிகிரியில வேல செய்யுமா?"
"செய்யும். பக்கம் நூற்று இரண்டில்..."
"பக்கமெல்லாம் எனக்கெதுக்கு? நீ சொல்லு."
"செய்யும்," என்றேன்.
தேர்வுக்குழுவின் முன் அந்தச் சொல்லுக்கு
ஐந்து முன்னெச்சரிக்கைகள் சேர்த்திருந்தேன்.

பெரிய குளத்தின் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து
கேனைச் சரித்தோம்.
பழுப்பில் பழுப்பு. எது என்னுடையது
என்று காட்டச் சொன்னால் காட்ட முடியாது.
வேலிக்கு அப்பால் தூல் ஆறு,
இந்தக் குளம் தருவதை வாங்கிக்கொண்டு போனது.

திரும்பும் பேருந்தில் காலிக் கேன்கள்
ஒன்றோடொன்று மோதிக்கொண்டு வந்தன.
ஆறு மணிக்கு போனில் அலாரம் அடித்தது:
'தீனி.'
நிறுத்தினேன். மறுபடி அடித்தது.

காலையிலிருந்து நான் சாப்பிடவே இல்லை.