மூன்றாவது பச்சை

இரண்டுதான் எரியுது என்றார் ஒஸ்மண்ட்.
மூக்குக் காலுக்கு ஒன்று, வலக் காலுக்கு ஒன்று.
இடக் காலின் சின்னக் கண்ணாடி
கறுத்துக் கிடக்கு.
சீனக்குடாவில் மணி ஐந்தே முக்கால்.
மா ஆலையைச் சுற்றி
நாலாம் முறையாக வந்துகொண்டிருந்தது
என்னைவிட ஒன்பது வயது மூத்த விமானம்.

பல்பை மாற்றிப் பாத்தீங்களா?
பாத்தன். வலத்தில எரியிற பல்பு
இடத்தில எரியேல்ல.
இரவு விளக்குச் சுவிட்ச்?
(அது போட்டிருந்தால் பச்சைகள் மங்கிவிடும்,
வெயிலில் செத்த மாதிரித் தெரியும்.
எத்தனையோ பேரை வெருட்டிய சுவிட்ச்.)
போடேல்ல.
பம்ப்?
ஓடிச்சு, நிண்டுது.

பம்ப் நின்றது நல்ல சேதி.
நல்ல சேதி எல்லாம் சாட்சி ஆகாது.

அவசரப் பிடியை அமத்துங்கோ என்றேன்.
எண்ணெய் விட்டுக்கொடுத்தால்
கால் தன் பாரத்தில் விழும்.
பிறகு வாலை இடமும் வலமும் உதறுங்கோ.
உதறினார்.
கறுப்பு கறுப்பாகவே இருந்தது.

தாழப் பறந்து என் தலைக்கு மேலால் போனார்.
தொலைநோக்கியில் மூன்று காலும் தொங்கின.
தம்பலகாமப் பக்கத்து வெளிச்சத்தில்
டயரின் தேய்மானம்கூடத் தெரிந்தது.
இறங்கியிருக்கு என்றேன்.
பூட்டியிருக்கா என்றார்.

கீழே நிற்பவளுக்கு
இறங்கினது தெரியும்.

வலக் காலை முதலில் வைத்தார்.
இடச் செட்டையை
வேகம் சாகும்வரை தூக்கியே பிடித்திருந்து
நித்திரைப் பிள்ளையைப் பாயில் கிடத்துவதுபோல
விட்டார்.
தாங்கியது.
தேத்தண்ணி கேட்டார், பகிடி விட்டார்,
சீனியைக் கிளாசுக்கு வெளியே போட்டார்.

மறுநாள் ஜாக்கில் ஏற்றி
முப்பத்தொரு தரம் மடக்கி நீட்டினேன்.
முப்பத்தொரு தரமும் மூன்று பச்சை.
டொக்டரைக் கண்டதும் காய்ச்சல் விட்ட பிள்ளை!
பூட்டுச் சுவிட்ச் சுத்தம்,
அதன் டிக் சத்தமும் சரி.
இரத்மலானையிலிருந்து போன் வந்தது:
குறை காணப்படவில்லை எண்டு
எழுதி அனுப்புங்கோவன்.
பேனையைத் திறந்தேன்.
மூடினேன்.

றம்சீன் முந்திக் கிண்ணியாவில்
வள்ளத்து மோட்டர் திருத்தியவர்.
சோற்றுப் பொதியின் தாளை மடித்தபடி சொன்னார்:
ஜாக்கில காத்தில்ல, மிஸ். நடுக்கமும் இல்ல.
பிறகெப்பிடி அதுக்கு வருத்தம் வரும்?
எழும்பி வந்து
உள்ளங்கையால் காலில் ஒரு அடி போட்டார்.

என் கையில் மீட்டரின் ஒலி
அறுந்து, ஒட்டி, அறுந்தது.

பிணைச்சலுக்குப் பின்னால் ஒரு இடம்.
கால் மடங்கும் ஒவ்வொரு தரமும்
கம்பியும் மடங்கும்.
மேலுறை வடிவாகத்தான் இருந்தது.
வெட்டிப் பிரித்தேன். உள்ளே செம்பு இல்லை,
பச்சைத் தூள்.
வானத்தில் ஒஸ்மண்டும் தரையில் நானும்
தேடிய பச்சை
இதற்குள்ளே இருந்திருக்கிறது.

செம்போடு கூடப்பிறந்தது களிம்பு என்று
சைவபாட ரீச்சர் சொல்லுவா.
இல்லை ரீச்சர்.
இது கொட்டியாரக் குடாவின் உப்பு.
பிறகு வந்தது. ஆறுதலாகத் தின்றது.

புதுக் கம்பி ஒன்பது அங்குலம்.
புத்தகத்தில் திகதி, கையொப்பம்.
றம்சீன் அடித்தார், இன்னும் பலமாக அடித்தார்,
பச்சை இமைக்கவில்லை.
ஜாக்கை இறக்குவமா என்றார்.

கத்தி என் கையில்தான் இருந்தது.
வலக் காலும் அதே வருசத்துக் கால்.
நேற்று முழுக்க ஒழுங்காக எரிந்த கால்.
வெட்டினேன்.

இரத்மலானைக்கு
இந்தமுறை நானே போன் எடுத்தேன்:
இன்னும் ரெண்டு நாள் செல்லும்.