நாற்காலியின் உயரம்

வியாழன் காலை ஒன்பது நாற்பது.
கடிதத்தை ரொட்டி டப்பாவுக்குப் பின்னால் செருகியிருக்கிறேன்,
தினம் ரொட்டி எடுக்கும் கை தினம் அதைத் தொடட்டும் என்று.

கொண்டுவர வேண்டியவை ஒரு பக்கம் முழுக்க.
எல்லா மாத்திரைகளும், பெட்டிகளோடு.
நாமாகக் கடையில் வாங்கியவையும்.
ஆக, பூண்டு வில்லைகளை ஒப்புக்கொண்டாக வேண்டும்.
சிறுநீர், அன்று காலை பிடித்தது.
வீட்டு இருக்கைகளின் உயரம்.

கிரிம்ஸ்பி துறையில் முப்பத்தோரு வருஷம்
நின்றுகொண்டே மீன் அறுத்தவள் நான்.
உட்காரும் உயரத்தை யார் கேட்டார்கள்?
கத்தி, ஐஸ், ஈரத்தரை.
காட் மீனின் முதுகெலும்பில் கத்தி எங்கே வழுக்கும் என்று
கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.
என் இடுப்பை எக்ஸ்ரேயில் காட்டி
டாக்டர் விரல் வைத்த இடத்தில்தான் ஒன்றும் விளங்கவில்லை.
எலும்பும் எலும்பும் உரசுகிறது, மிஸ் ஆஸ்கர்பி.
எங்கள் மேசைக்கு இப்படி ஒன்று வந்திருந்தால்
தொட்டியில் தள்ளியிருப்போம்.

தையல் டப்பாவின் நாடா அங்குலம்தான் பேசும்,
படிவம் சென்டிமீட்டர் கேட்கிறது.
சமையலறை நாற்காலி நாற்பத்தாறு.
கட்டில் ஐம்பத்திரண்டு. மெத்தை அமுங்கினால் நாற்பத்தொன்பது.
கழிப்பறையில் குனிந்தேன், நிமிர வரவில்லை.
துண்டுக் கம்பியைப் பிடித்தபடி
பீங்கானில் பதித்த கம்பெனிப் பெயரை
நாலு தரம் வாசித்தேன்.
ஜன்னலோரச் சாய்வு நாற்காலி முப்பத்தெட்டு.
அது தேறாது.
செய்தியும் தூக்கமும் எனக்கு அதில்தான்.
நாற்பத்தைந்து என்று எழுதினேன்.
பிறகு அழித்தேன்.

பல்செட் உண்டா?
முன்பு மயக்கமருந்தில் வாந்தி வந்ததா?
வாரத்துக்கு எத்தனை கிளாஸ் மது?
கிளாஸ் எவ்வளவு பெரிது என்று சொல்லவில்லை.
மூச்சிரைக்காமல் ஒரு மாடி ஏறுவீர்களா?

செவ்வாய் இரவு ஒத்திகை பார்த்தேன்.
பதின்மூன்று படி.
நாற்பது வருஷமாக ஏறுகிறவைதான்,
பரீட்சை என்றதும் வளர்ந்துவிட்டன.
ஒன்பதாவதில் இடுப்பு கவ்வியது.
கைப்பிடியில் நெற்றியை வைத்து நின்றேன்.
மேலே கதவு திறந்தது.

இல்மார்ஸ். மாடி அறைக்குக் குடிவந்து நாலு வருஷம்.
லாட்வியாக்காரன், ஃபிஷ் ஃபிங்கர் ஆலையில் இரவு ஷிஃப்ட்.
அவன் பூட்ஸ் சத்தம் தெரியும்,
வெங்காயம் வதக்கும் கிழமை தெரியும்,
வெள்ளிதோறும் மேசையில் வாடகை உறை.
என்ன செய்கிறீர்கள் என்றான்.
பரீட்சைக்கு என்றேன்.
சிரிக்கவில்லை. இரண்டு படி இறங்கி உட்கார்ந்தான்.
என்னால் அந்த உயரத்தில் உட்கார முடியாது.
நின்றபடியே படிவத்தை நீட்டினேன்.

கடைசிப் பக்கம்:
வீடு திரும்பிய முதல் இருபத்துநாலு மணி நேரம்
உங்களோடு யார் இருப்பார்கள்?
அந்தக் கோட்டை மட்டும் விட்டுவைத்திருந்தேன்.
நான் இருப்பேன் என்றான்,
நாளை மழை வரும் என்பதுபோல.

இல்மார்ஸ் என்று எழுதிப் பேனா நின்றது.
நாலு வருஷம். குடும்பப் பெயரைக் கேட்டதே இல்லை.
உறைமேல் அவன் எழுதுவதெல்லாம் மேல் அறை, மேல் அறை.
பேனாவை வாங்கி அவனே எழுதினான்.
ஸ்ட்ராஸ்டின்ஷ்.
ஓர் எழுத்துக்குக் கீழே வால், ஒன்றுக்குத் தலையில் கொக்கி.
வால் எதற்கு என்றேன்.
இல்லாவிட்டால் வேறு யாரோ என்றான்.

அடுத்த கட்டம், உறவு.
பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

புதன் மாலை பார்க்கிறேன்,
சாய்வு நாற்காலியின் காலுக்கடியில்
மீன்பெட்டி வாசத்தோடு நாலு மரத்துண்டுகள்.
ஒன்று கொஞ்சம் குட்டை. நாற்காலி ஆடுகிறது.
அளந்தேன், நாற்பத்தேழு.
ஆடும் பக்கம் நாற்பத்தாறரை.
இரண்டையும் எழுதினேன்.

இன்று வியாழன்.
குப்பி கம்பளிக் காலுறைக்குள், கைப்பைக்குள்,
இன்னும் இளஞ்சூடாக.
உறவுக் கட்டம் காலி.
எட்டு இருபது பேருந்தில்
யோசித்துக்கொள்ளலாம்.