நடு அறை

வெளியாட்கள் உள்ளே வர ஒரு வாசல் வேண்டும்.
கேட்வே சர்வர் என்று பர்ச்சேஸ் ஆர்டரில் இருக்கிறது.
அதை எங்கே வைப்பது என்று மூன்று வாரமாக
வண்ணாரப்பேட்டை ஆபீஸில் டீ ஆறிக்கொண்டிருக்கிறது.

உள் நெட்வொர்க்கிலேயே வைங்க, செலவில்லை
என்கிறார் அக்கவுண்ட்ஸ் ஆவுடைநாயகம்.
செலவில்லைதான்.
மேலப்பாளையம் லாரி ஷெட்டில்
நாலு டிரைவரும் ஒரு கிளீனரும்
ஒரே பாஸ்வேர்டைக் காலண்டர் அட்டையில்
எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்கள்.
அந்த அட்டையைப் படித்தவன்
சம்பளப் பட்டியல் வரை நடந்து போகலாம்.

மும்பையில் வாடகைக்கு எடுங்க மேடம்,
வெள்ளம் வந்தாலும் கவலையில்லை
என்கிறான் விற்க வந்த பையன்.
அவன் முதுகுக்குப் பின்னால் சுவரில்
இடுப்பு உயரத்தில் ஒரு கோடு,
மார்கழியில் ஆறு வந்து நின்ற இடம்.
இரண்டு ராக்கை வண்டல் வழித்துக் கழுவியவள் நான்.
ஆனாலும் வாசல் மும்பையில், குடோன் இங்கே என்றால்
நடுவில் குழாய் போட்டு
அதற்கும் காவல் நிற்பது நான்தானே.

கடைசியில் இரண்டாம் மாடி.
இரண்டு ஃபயர்வால், நடுவே ஓர் அறை.
அறை என்றால் சுவர் இல்லை, பத்து வரி விதி.
வந்தவர் அங்கே நின்று கேட்க வேண்டும்,
கேட்டதை மட்டும் உள்ளிருந்து எடுத்து வந்து தரும்.
ஸ்டாக், பில். வேறொன்றும் கிடையாது.
ஆளுக்கொரு சான்றிதழ், தொண்ணூறு நாள் ஆயுள்.

பட்டியலில் ஒன்பதாவது பெயர்
சிவசைலம், ஷிப்பிங், தூத்துக்குடி.
போன ஆவணி வரை இந்த ஆபீஸில் பாதி அவருடையது.
பத்திரம் பதிந்தாகிவிட்டது, பழைய சாவி இன்னும் திறக்கிறது.
மூடு என்று யாரும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

"அவனுக்கு மட்டும் பழைய வழி கெடக்கட்டுமே,
அவன் என்ன வெளியாளா?" என்றார் முதலாளி.
"பட்டியல் நீங்க குடுத்தது சார். ஒம்பதாவது."
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
திரும்பப் போடாமலே கையெழுத்திட்டார்.

சனிக்கிழமை ராத்திரி பதினொன்றுக்குப் பழைய வழியை அடைத்தேன்.
லிஃப்ட் இல்லாத இரண்டு மாடி ஏறி வந்து
மூச்சு வாங்க நின்றார்.
"வந்தானா?"

பதினொன்று நாற்பத்திரண்டு. பழைய சாவி. மறுப்பு.
நாற்பத்துமூன்று. மறுபடியும் மறுப்பு.
அப்புறம் கால் மணி நேரம் ஒன்றுமில்லை,
ஃபேன் சத்தம் மட்டும்.
ஐம்பத்தெட்டுக்குப் புதுச் சான்றிதழோடு
முன்வாசல் வழியாக.

"வந்துட்டாங்க சார்."
"என்ன பாத்தான்?"
"ரெண்டாம் குடோன், கியர் ஆயில். பதினாலு பீப்பான்னு காட்டுது."
"பதினாலா இருக்கு நம்மட்ட?"
"பன்னெண்டு. ரெண்டு நேத்து பணகுடிக்குப் போச்சு,
இன்னும் பதியல."

கதவுவரை போனவர் நின்றார்.
"இப்பவே பதிஞ்சிரும்மா.
அவன் எண்ணுவான்."